மழைக்கு முன் ஓர் ஒத்திகை

2025 செப்டம்பர் 29, திங்கள்

வந்ததும் வராததுமாக எம்.டி. கூப்பிட்டார். கைபேசியில் தென்கொரியச் செய்தி. வெள்ளிக்கிழமை தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் யூபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்து, 647 அரசுச் சேவைகள் நின்றுவிட்டன. "நமக்கு இப்படி ஆனா?" என்றார்.

"ஹைதராபாத்துல நகல் இருக்கு சார்."

"நகல் இருக்கறது சரி. எத்தனை மணி நேரத்துல பில் போடுவீங்க?"

மருந்து மொத்த விநியோகம் எங்கள் தொழில். பில் நின்றால் மாதவரம் கோடவுனில் வண்டி நிற்கும். சர்வர் போனாலும் 4 மணி நேரத்தில் மீண்டுவிடுவோம் என்று எங்கள் டிஆர் (பேரிடர் மீட்பு) திட்ட ஆவணத்தில் இருக்கிறது. எந்தக் கணக்கில் அந்த 4 வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்குள் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று பேசி முடித்தோம். 2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கலில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் யாரும் மறுக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சர்வர் ரேக்குக்குச் சந்தனம், குங்குமம், பக்கத்தில் பொரி கடலை. மாலையைக் காற்று உள்ளே போகும் பக்கம் மாட்டாதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமந்தி இதழ் விசிறிக்குள் போனால் அதைச் சாமணம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

தேஜான் செய்தி இன்னும் மோசமாகியிருக்கிறது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கும் ஜி-டிரைவ் முழுக்க எரிந்துபோனது: 858 டெராபைட். வெளியே எங்கும் நகல் இல்லை. இவ்வளவு பெரியதை பேக்கப் எடுக்க முடியாது என்று விட்டிருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், அலுவலகக் கணினியில் கோப்பு வைக்காதே, இதிலேயே போடு என்பதுதான் அங்கே உத்தரவு. சொன்ன பேச்சைக் கேட்டவர்களுக்கே நஷ்டம் அதிகம்.

இங்கே துறை துறையாகப் போய் இரண்டு கேள்வி கேட்டேன். எவ்வளவு நேரத்துப் பதிவு போனால் தாங்குவீர்கள்? எவ்வளவு நேரம் இல்லாமல் ஓட்டுவீர்கள்? எங்கள் துறையில் இவற்றுக்குச் சொல்லும் ஆர்பிஓ, ஆர்டிஓ என்ற பெயர்களில் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள், அதனால் இப்படி. கணக்குப் பிரிவு அக்கா, "ஒரு நாள்கூடப் பரவாயில்லப்பா, 20-ஆம் தேதி மட்டும் வேண்டாம்" என்றார். ஜிஎஸ்டி தாக்கல் நாள். கோடவுன் மேலாளருக்குப் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. எந்த பேட்ச் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது ஆட்களுக்குத் தெரியாது, ஸ்கேனருக்குத்தான் தெரியும். இவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே 4 மணி நேரம் என்று எழுதியதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒத்திகை. சென்னை சர்வர் அறை இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு, கேபிளைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தோம்.

முதல் அரைமணியிலேயே முட்டிக்கொண்டது. ஹைதராபாத் பேக்கப் மறையாக்கம் செய்யப்பட்டது. திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு பெட்டகம் ஓடுவது சென்னை சர்வர் அறையில். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. மறுபடி கேபிளைச் செருகி, பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு, "இங்கே ஏமாற்றினோம்" என்று ஒத்திகைக் குறிப்பில் சிவப்பு மையில் எழுதிவிட்டுத் தொடர்ந்தோம்.

தரவுத்தளம் நன்றாகவே எழுந்தது. பில்லிங் திரை வந்ததும் என்னோடு வேலை செய்யும் தம்பி கைதட்டினான். உடனே கோடவுனிலிருந்து போன்: "அண்ணே, ஸ்கேனர் பழைய சர்வரையே தேடுது." ஒவ்வொரு ஸ்கேனரிலும் சர்வர் பெயருக்குப் பதில் ஐபி எண்ணையே அடித்து வைத்திருக்கிறார்கள். பெயர் இருந்தால், எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். இப்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மாற்ற வேண்டும். அடுத்து, ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தளத்தில் நாங்கள் பதிந்திருப்பது சென்னை ஐபி மட்டும். ஹைதராபாத்திலிருந்து பில் போடலாம், ஆனால் அந்தத் தளம் பில்லுக்குத் தரும் ஐஆர்என் எண் வராது. அது இல்லாமல் சரக்கை வெளியே அனுப்ப முடியாது.

இதில் எதுவும் பேக்கப்பில் உள்ள குறை இல்லை. பேக்கப் அறிக்கை ஒவ்வொரு நாளும் பச்சையாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மதியம் தம்பிக்கு, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் கதை சொன்னேன். 2017 ஜனவரி 31. துணைத் தரவுத்தளத்தின் கோப்பகத்தை அழிப்பதாக நினைத்து முதன்மையில் அழித்துவிட்டார் ஒருவர். ஓரிரு நொடியில் நிறுத்தியும் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்த நகல்தான் காப்பாற்றியது. அதையும் மந்தமான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்க சுமார் 18 மணி நேரம்.

அந்த 18-ஐக் கேட்டதும் தம்பி கால்குலேட்டரை எடுத்தான். சென்னை மெஷின் மட்டும் போய், ஹைதராபாத்திலிருந்து இங்கே தரவை இழுக்க வேண்டி வந்தால்? 1 டெராபைட், நொடிக்கு 100 மெகாபிட் லைன். முழு வேகம் கிடைத்தாலே 22 மணி நேரம். நல்ல பையன். மேல் மாடியில் ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பு) பெட்டி வேண்டும் என்று இன்றே கொள்முதலுக்கு எழுதினேன். அழிக்க முடியாதபடி பூட்டிய நகலும் ஒன்று வேண்டும். உடனுக்குடன் ஒத்திசையும் நகல், நம் தவறையும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரின் வேலையையும் உடனுக்குடன் ஒத்திசைத்துவிடும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் மகள், "சித்தப்பா, ஸ்னாப்சாட் வரல" என்றாள். அமேசானின் வர்ஜீனியா கிளவுட் மையங்களில் கோளாறு. டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் டிஎன்எஸ் பதிவு காலியாகியிருக்கிறது. தரவு பத்திரம், போகும் வழிதான் தெரியவில்லை. கிளவுடில் போட்டுவிட்டால் டிஆர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தச் செய்தியின் இணைப்பை அனுப்பிவிட்டு, இன்னும் இரண்டு அதிரசம் சாப்பிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. பாஸ்வேர்டு உறையில் போட்டு, ஒட்டி, கோடவுன் மேலாளரின் பீரோவில். செய்முறைத் தாளும் அச்சில் அங்கேயே. ஸ்கேனர்கள் பெயரை வைத்துத் தேடின. ஐஆர்என் வந்தது. கேபிள் கழற்றியதிலிருந்து முதல் பில் அச்சாகும் வரை 3 மணி 10 நிமிடம்.

அந்த நேரத்தில் கோடவுனில் கையால் எழுதிய சீட்டுகளைப் பிறகு ஏற்றியபோது, ஒரே பேட்ச் இரண்டு கடைக்குப் போனதாகக் காட்டியது. கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோல. பேட்ச் எண்ணுக்குத் தனிக் கட்டம் போட்ட சீட்டு அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஹைதராபாத்திலிருந்து சென்னைக்குத் திரும்பி வருவதை இன்னும் பார்க்கவில்லை. அங்கே போட்ட பில்களை இங்கே சேர்க்காமல் திரும்பினால் பில் எண் இரட்டிக்கும். அதற்கு டிசம்பரில் ஒரு ஞாயிறு கேட்டிருக்கிறேன். அக்கா காலண்டரைப் புரட்டிவிட்டு, "பார்க்கலாம்ப்பா" என்றிருக்கிறார்.