கேம் மாற்றினால் கன்வர்ட்டரையும் மாற்றுங்கள்

செவர்லே 350 வி8 இன்ஜின், பின்னால் டிஹெச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளந்து 230 டிகிரி டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்) உள்ள கேமை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டைப் போட்டுவிட்டு, இன்ஜின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பழைய டார்க் கன்வர்ட்டரையே விட்டுவைத்தால், டிரைவில் போட்டதும் இன்ஜின் திணறும், அணைந்தும் போகும். இந்தக் கேம் 2,500 ஆர்பிஎம் வாக்கில்தான் இழுக்கத் தொடங்கும். கம்பெனி கன்வர்ட்டரோ 1,800-க்குள்ளேயே பிடித்துவிடும். 2,800–3,000 ஸ்டால் (கன்வர்ட்டர் இறுகப் பிடிக்கும் ஆர்பிஎம்) போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தெருவில் கியர்பாக்ஸ் ஆயில்தான் கொதிக்கும். அதற்குத் தனி கூலர் கட்டாயம்.

மாட்டும்முன் கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றி, கன்வர்ட்டரைச் சுற்றிக்கொண்டே கியர்பாக்ஸுக்குள் தள்ளுங்கள். பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) இன்ஜினோடு ஒட்டியபின் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (இன்ஜின் பின்னால் சுழலும் தட்டு) கன்வர்ட்டருக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லையா? கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் கியரில் கன்வர்ட்டர் உட்காரவில்லை. போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் பம்ப் உடையும்.

இந்தக் கேமால் ஐடிலில் இன்ஜின் வேக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) குறைவதால் கியர் தாமதமாக, உதறலோடு விழலாம்; வேக்குவத்தைப் பார்த்து கியர் மாறும் நேரத்தை அமைக்கும் மாடுலேட்டரைத் திருத்தினால் சரியாகும்.