எடிட்டிங் தாளில் என்னைக் கவிழ்த்த வெள்ளைக் கோடு

ரிசல்ட் வந்துவிட்டது. இரண்டாவது முறையில் தேறிவிட்டேன். போட்டோகிராபி டிப்ளமோவில் தியரியும் கேமரா செய்முறையும் முதல் தடவையே முடிந்தன. என்னை ஓர் ஆண்டு காக்க வைத்தது எடிட்டிங் தாள்தான். அதிலும் ஒரே ஒரு தவறு. அடுத்து எழுதப்போகிறவர்கள் அதில் விழக்கூடாது என்றுதான் சூட்டோடு சூடாக இதை எழுதுகிறேன்.

மூன்று படத்தை மூன்று மணி நேரத்தில் எடிட் செய்ய வேண்டும், பிறகு பிரின்ட், வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. போன முறை எனக்கு வந்ததில் ஒன்று, மேகம் மூடிய வானத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு முதியவரின் படம். ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பு, சப்பென்று இருந்தது. லைட்ரூம் மென்பொருளில், விளிம்புகளைத் தெளிவாக்கும் கிளாரிட்டி ஸ்லைடரை 60 வரை ஏற்றினேன். போட்டோஷாப்புக்குக் கொண்டுபோய், நிக் கலெக்‌ஷன் என்ற பிளக்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) தொகுப்பிலுள்ள கலர் எஃபெக்ஸ் புரோவில் டோனல் கான்ட்ராஸ்ட் ஃபில்டரைப் போட்டேன். அது போதாதென்று அதன்மேல், நுணுக்கங்களை எடுத்துக்காட்டும் டீட்டெய்ல் எக்ஸ்ட்ராக்டர் ஃபில்டர். ஒவ்வொன்றும் சேரச் சேர படம் திரையிலிருந்து எழுந்து வருவதுபோல இருந்தது. மனநிறைவோடு சேமித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

பிரின்ட் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. தலைமுடியின் ஓரத்தை ஒட்டி, தோள்வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. யாரோ சாக்பீஸால் இழுத்தது போல. வானத்தில் அழுக்குத் திட்டுகள். தேர்வாளர் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டிவிட்டு, வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பெயர் ஹாலோ. அது ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ளாமல் எந்தப் பிளக்-இன்னையும் தொடாதீர்கள். ஷார்ப்பனிங், கிளாரிட்டி இரண்டும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கும், வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கும். ஷார்ப்பனிங்கில் இது ஓரிரு பிக்சல் அகலத்தில் நடப்பதால் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிறது. கிளாரிட்டி வகையில் பல பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. அளவு மீறினால் பட்டையாகவே தெரியும். நான் போட்ட மூன்றும் ஒரே விளிம்பை மூன்று தடவை தள்ளியிருக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பிளக்-இன்னே வேண்டாம். போட்டோஷாப்பிலேயே இருக்கும் ஷார்ப்பனிங் ஃபில்டரான அன்ஷார்ப் மாஸ்க்கைத் திறந்து அமௌன்ட் (அளவு) 20, ரேடியஸ் (பரவும் அகலம்) 50, திரெஷோல்ட் 0 என்று வையுங்கள். கிளாரிட்டி போலவே படம் தெளியும். அப்புறம் அமௌன்ட்டை மட்டும் மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். விளிம்பில் கோடு பிறப்பது தெரியும். ஒரு வாரம் இதை மட்டும் பழகினேன். எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு சொல்லித் தரவில்லை.

இந்த முறை நான் வைத்துக்கொண்ட வரிசை:

- முதலில் நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான பிசிறை, குறைப்பது. கான்ட்ராஸ்ட் ஏற்றிய பிறகு குறைக்கப் போனால், அதற்குள் நாய்ஸும் சேர்ந்து ஏறியிருக்கும்.
- கோப்பு 16 பிட்டில். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 256 படிகள்தான், வானம் வரிவரியாக உடைந்துவிடும்.
- படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூலப் படம் மாறாமல் இருக்கும் லேயர்) மாற்றிவிட்டுப் பிளக்-இன். வைவாவில் திறந்து காட்டலாம், திருத்தவும் செய்யலாம்.
- ஒரு படத்துக்கு ஒரே ஒரு கான்ட்ராஸ்ட் பிளக்-இன். இரண்டாவது கூடவே கூடாது.
- ஃபில்டர் படத்தோடு கலக்கும் விதமான பிளெண்ட் மோட் லூமினாசிட்டியில், அதாவது வெளிச்சம் மட்டும் மாறும்படி. நார்மலில் விட்டால் கான்ட்ராஸ்டோடு நிறமும் ஏறி, தோல் செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.
- பிரின்டுக்கேற்பப் படத்தின் அளவை மாற்றிய பிறகே ஷார்ப்பனிங்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது ஒபாசிட்டி, அதாவது ஃபில்டரின் விளைவு எத்தனை சதவீதம் தெரிய வேண்டும் என்ற அளவு. ஸ்லைடரை நகர்த்த நகர்த்தக் கண் பழகிவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு முன் அதிகமாகத் தெரிந்தது இப்போது போதாததாகத் தெரியும். அதனால் ஒரு படத்தை முடித்ததும் சேமிக்காமல் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, ஃபில்டரின் ஒபாசிட்டியைச் சுழியத்துக்கு இறக்கி, அங்கிருந்து மெல்ல ஏற்றுவேன். மூன்று படத்திலும் 40, 50க்குள் நின்றுவிட்டது. நான் அவசரக்காரன், கை தானாகவே வலப்பக்கம் போகும். இயல்பிலேயே அடக்கமாக எடிட் செய்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவைப்படாமல் இருக்கலாம்.

முகத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். நிக் கலெக்‌ஷனில் கண்ட்ரோல் பாயிண்ட் இருக்கிறது; படத்தில் ஒரு புள்ளியை வைத்து அதைச் சுற்றி மட்டும் விளைவை மாற்றும் வசதி. கன்னத்தில் ஒன்று வைத்து அங்கே மட்டும் விளைவைக் குறைத்துவிடலாம், அந்தப் பகுதியைப் பிரித்துக் காட்டும் மாஸ்க் வரைய வேண்டியதில்லை. தோல், முடி போன்ற நுணுக்கத்துக்கு லைட்ரூமில் 2019-இல் வந்த டெக்ஸ்சர் ஸ்லைடர் போதும். அது கிளாரிட்டியைப் போல ஓரத்தில் பட்டை எழுப்புவதில்லை.

இன்னொன்று. நிக் கலெக்‌ஷனை 2012-இல் கூகுள் வாங்கியது, 2016-இல் இலவசமாக்கியது, 2017-இல் டிஎக்ஸ்ஓ என்ற மென்பொருள் நிறுவனத்தின் வசம் போனது. நீங்கள் வீட்டில் பழகுவது புதியதாகவும் லேபில் இருப்பது அந்தப் பழைய இலவசப் பதிப்பாகவும் இருக்கலாம். எது இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அதிலேயே பழகுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் அன்ஷார்ப் மாஸ்க் கட்டாயம் இருக்கும்.

வைவாவில் இந்த முறை தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஃபில்டர் ஏன் 45-இல் நிற்கிறது?" ஒபாசிட்டியை 100-க்கு ஏற்றி, மரக்கிளைக்கும் வானத்துக்கும் நடுவே கோடு எழுவதைக் காட்டினேன். பிறகு 45-க்கு இறக்கினேன். அவர் பிரின்டை எடுத்து அதே இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த படத்தை எடுத்துக்கொண்டார்.