இன்வர்ட்டர்கள் நிறைந்த ஆலையில் மின்னழுத்தத்தைக் குறைக்கலாமா?

ஆலைக்குள் வரும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் மின்கட்டணம் குறையும் என்று சொல்லி, அதற்கொரு கருவியையும் விற்க வருகிறார்கள். ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் சார்ஜ்மேனாக (மின்சாதனங்களின் பொறுப்பாளராக) இருக்கும் தம்பிமார் சிலர் இதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். பெரிய மோட்டார்கள், அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வர்ட்டர் வழியாக ஓடும் ஆலையில் அப்படி எதுவும் மிச்சமாகாது என்பதே என் உறுதியான பதில்.

இன்வர்ட்டர், தனக்கு வரும் மும்முனை மின்சாரத்தை முதலில் டையோடுகளின் வழியாக நேர்மின்சாரமாக்கிக்கொள்கிறது. 400 வோல்ட் வந்தால் உள்ளே அந்த நேர்மின்சாரம் தங்கும் டிசி பஸ்ஸில் ஏறத்தாழ 540 வோல்ட் நிற்கும். அதிலிருந்து மோட்டாருக்கு வேண்டியதை அது தானே வடித்துக் கொடுப்பதால், வெளியே மின்னழுத்தம் இறங்கினாலும் மோட்டார் அதே வேலையைச் செய்கிறது; குறைந்ததை ஈடுகட்ட இன்வர்ட்டர் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னழுத்தத்தை 5 விழுக்காடு குறைத்தால் மின்னோட்டம் ஏறக்குறைய 5 விழுக்காடு கூடும். கேபிளில் வெப்பமாகப் போகும் இழப்போ ஏறக்குறைய 11 விழுக்காடு கூடும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேகத்தில் பிடிக்க வேண்டும். காற்றாடியின் வேகத்தை 80 விழுக்காட்டுக்கு இறக்கினால், அதற்குத் தேவைப்படும் திறன் பாதியளவுக்கு வந்துவிடும்.

மின்னழுத்தத்தை எங்கே, எப்படி அளக்கிறோம் என்பது இதைவிட முக்கியமானது. டையோடுகள் அலையின் முகட்டுப் பகுதியில் மட்டுமே மின்னோட்டத்தை இழுப்பதால், பல இன்வர்ட்டர்கள் ஒன்றாக ஓடும்போது அந்த முகடு தட்டையாகிவிடுகிறது. பலகையிலுள்ள மீட்டர் 400 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, இன்வர்ட்டரின் திரையில் டிசி பஸ் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் திரையில் தெரியும் எண்ணையே நான் நம்புகிறேன்.

செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நம் டர்பைனில் மின்சாரம் எடுக்கும் நேரத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ஜெனரேட்டரின் உள்மறிப்பு (மின்னோட்டத்துக்கு அதன் உள்ளே இருக்கும் தடை) டிரான்ஸ்பார்மரைவிடப் பொதுவாகப் பல மடங்கு அதிகம் என்பதால், அதே இன்வர்ட்டர்கள் அங்கே அலையை மேலும் உருக்குலைக்கின்றன. மின்னழுத்தம் குறைகிறதே என்று கெப்பாசிட்டர்களைக் கூடுதலாக இணைப்பது ஆபத்தானது. கெப்பாசிட்டர்கள் உயர்த்த வேண்டிய அடிப்படை மின்திறன் காரணி, டையோடு வகை இன்வர்ட்டரில் ஏற்கெனவே 0.95 அளவில் இருப்பதால் அவற்றுக்கு அங்கே பெரிய வேலையில்லை; இன்வர்ட்டர்கள் உண்டாக்கும் 250 ஹெர்ட்ஸ், 350 ஹெர்ட்ஸ் அலைகளோடு ஒத்ததிர்ந்து அவை வெடிக்கவும் கூடும். இன்வர்ட்டர் இல்லாமல் நேரடியாக ஓடும் மோட்டார்களுக்காகக் கெப்பாசிட்டர் வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஒத்ததிர்வைத் தவிர்க்கும் 7 விழுக்காட்டு ரியாக்டரோடு (கம்பிச்சுருளோடு) சேர்த்து வையுங்கள்.

மாலை நேர இடிமின்னலால் வெளி மின்கம்பியில் மின்னழுத்தம் கண நேரம் சரியும்போதுதான், அதைக் குறைத்து வைத்ததன் விலை தெரியும். ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் டிசி பஸ் சட்டென்று இன்வர்ட்டரின் கீழெல்லையைத் தாண்டி விழ, பாய்லரின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேன் நின்றுவிடும். உடனே அடுப்பறையில் அழுத்தம் ஏறி, எரிபொருள் போடும் வாயில் வழியாகத் தீ வெளியே பாயலாம். அங்கே நிற்கும் தொழிலாளியை எண்ணினால் எந்தக் கட்டணக் கணக்கும் பெரிதாகத் தோன்றாது. ஐ.டி. ஃபேன் கனமானது என்பதால், சரிவின்போது அதன் சுழற்சியிலிருந்தே டிசி பஸ்ஸைத் தாங்கிப் பிடிக்கும் வசதி உங்கள் இன்வர்ட்டரில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள். கட்டுப்பாட்டுச் சுற்றிலுள்ள கான்டாக்டர்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) இன்வர்ட்டருக்கு முன்பே விழக்கூடியவை. அவற்றுக்கு ஒரு சிறு யு.பி.எஸ். கொடுத்துவிடுங்கள்.

மலேசியாவில் 2008 முதல் பெயரளவு மின்னழுத்தம் 400 வோல்ட். அது 376 முதல் 440 வரை இருக்கலாம். பழத்தைப் பிழியும் பிரஸ்ஸும் ஐ.டி. ஃபேனும் முழுச் சுமையில் ஓடும்போது, கடைக்கோடி இன்வர்ட்டரின் முனையில் 400க்கும் 415க்கும் இடையே நிற்குமாறு டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டேப்பை வைப்பதே என் வழக்கம். அந்த டேப்பை மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மாற்ற வேண்டும் என்பதால், ஆலை நிற்கும் நாளுக்கு அந்த வேலையை ஒதுக்கிவிட்டு, மறுபடி ஓடத் தொடங்கியதும் சுமையில்லாத நேரத்து மின்னழுத்தத்தையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.