மூணு மாசம் கழிச்சு ஒரு லேண்டிங்

ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனி ப்ரெஸ் ஷாப்ல மெயின்டனன்ஸ் பாக்குறேன், 14 வருசம் ஆச்சு. எங்க ஷாப்ல ஒரு வழக்கம், யாராச்சும் ரெண்டு மாசம் லீவு போட்டுட்டு வந்தா, எவ்ளோ பெரிய சீனியரா இருந்தாலும் முத நாள் மெஷின்ல தனியா நிக்க விடமாட்டோம். நானே நிறைய பேரை அப்படி நிறுத்தி வச்சு திட்டு வாங்கியிருக்கேன். ஆனா பிளேன் விஷயத்துல அந்த புத்தி எனக்கு வரல பாருங்க.

பிரைவேட் பைலட் லைசன்ஸ் எடுத்தது முழுக்க ஆசைக்கு. பெங்களூர் பக்கம் ஒரு கிளப்ல செஸ்னா 152ன்னு ரெண்டு சீட்டு குட்டி பிளேன், மணிக்கு இவ்ளோன்னு வாடகை. போன வருசம் ஷிப்ட், பையன் ஸ்கூல் ஃபீஸ்னு மூணு மாசம் போகவே முடியல. லைசன்ஸ் செல்லும், மெடிக்கலும் செல்லும், அப்புறம் என்னன்னு ஏப்ரல்ல போய் நின்னேன். கிளப்ல இன்ஸ்ட்ரக்டர் கூட ஒரு ரவுண்டு போயிட்டு தான் தரணும்னாங்க, எனக்கு உள்ளுக்குள்ள கடுப்பு தான்.

ஃபைனல்ல, அதாவது ரன்வேக்கு நேரா எறங்கி வர்ற கடைசி கட்டத்துல, 60, 65 நாட்ல (பிளேன் வேகக் கணக்கு, ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வரவேண்டியவன் 75ல வந்திருக்கேன், தெரியவே இல்ல. மூக்கை தூக்குறேன், ரன்வே மேல மெதந்துகிட்டே போகுது, எறங்க மாட்டேங்குது, பொறுமை போயி கண்ட்ரோல் வீலை முன்னாடி தள்ளிட்டேன். மூக்கு சக்கரம் டொம்முன்னு அடிச்சு எகிறுச்சு, நான் திரும்பவும் தள்ளப் போறேன், அதுக்குள்ள இன்ஸ்ட்ரக்டர் கண்ட்ரோலை வாங்கி ஃபுல் த்ராட்டில் குடுத்து மேல ஏத்திட்டார். ரெண்டாவது தடவை தள்ளியிருந்தா மூக்கு சக்கரம் ஒடிஞ்சிருக்கும், ப்ரொப்பல்லரும் தரையை தொட்டிருக்கும். "ஸ்பீட் பாத்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டார். பாக்கல சார்.

அமெரிக்காவுல ஆளை ஏத்திட்டு பறக்கணும்னா 90 நாளுக்குள்ள 3 டேக்ஆஃப், 3 லேண்டிங் பண்ணியிருக்கணும்னு ரூல். அது சட்டத்துக்கு போதும், என் கைக்கு போதாது. 30 நாள் தாண்டுனா இன்ஸ்ட்ரக்டரோட தான்னு டைரில எழுதி வச்சிருக்கேன். 152க்கு பிளேனோட கையேட்ல 12 நாட் க்ராஸ்விண்ட், அதான் ரன்வேக்கு குறுக்கா அடிக்கிற காத்து, போட்டிருக்கும், அது டெஸ்ட் பைலட் செஞ்சு காட்டுனது, என் கணக்கு 7. வெயில் வேற. நம்ம ஊரு மட்டமே 3000 அடி, 35 டிகிரி அடிச்சா காத்து லேசாகி பிளேன் 6000 அடியில இருக்கிற மாதிரி மெதுவா தான் ஏறும், ஆள் ரெண்டும் கொஞ்சம் கனமா இருந்தா ஃபுல் டேங்க்கும் போட முடியாது.

இதெல்லாம் முந்தின நாள் ராத்திரி வீட்லயே எழுதிடணும், அங்க போய் நின்னு யோசிச்சா வெக்கம் ஜெயிச்சிடும். பாலக்கோட்லேர்ந்து மச்சான் வந்திருந்தான், விடியக்காலம் கெளம்பி அத்திப்பள்ளி டோல் தாண்டி, சில்க் போர்டு ட்ராஃபிக்ல முக்கி போய் சேர்ந்தா குறுக்கு காத்து 10 நாட். வேணாம்டான்னேன். "எனக்கு பயமில்ல மாமா, நீங்க எடுங்க"ங்கிறான். அவன் பயத்தை யாரு கேட்டா?

பிளேனை தொட்டு போட்டோ எடுத்துக்கிட்டான், வர்ற வழியில இட்லி சாப்ட்டு திரும்பிட்டோம். இப்ப ஊருக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டு திரியுறான், மாமா ஏரோபிளேனை தொடைக்கிற வேலைக்கு போறாருன்னு.