டெர்மினலில் வரும் பாஸ்வேர்டு ஷார்ட்கட்டில் ஏன் வரவில்லை?

என் பாஸ்வேர்டுகள் எல்லாம் லினக்ஸில் 'பாஸ்' மேலாளரில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஜிபிஜி என்ற மறையாக்க நிரலால் பூட்டுப் போட்ட தனி ஃபைல். ஒரு நாளைக்கு முப்பது தடவை டெர்மினலைத் (கட்டளை தட்டும் விண்டோ) திறந்து எடுத்து அலுத்துப்போய், பாஸ்வேர்டுகளின் பெயர்களைப் பட்டியலாகக் காட்டி, தேர்ந்தெடுத்ததைக் காப்பி செய்யும் பாஸ்மெனு ஸ்கிரிப்டை ஒரு ஷார்ட்கட் கீயில் இணைத்தேன். அது பத்து நிமிட வேலை. கீயை அழுத்தியதும் பட்டியல் வந்தது, பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன், பட்டியல் மறைந்தது. ஒட்டிப் பார்த்தால் முன்பு காப்பி செய்த ஏதோ ஒரு வரி. பிழைச்செய்தியும் இல்லை.

அதே ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்தது. அதற்குப் பிறகு ஷார்ட்கட்டும் வேலை செய்தது! சரியாகிவிட்டது என்று நம்பி மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மௌனம். இப்படியே இரண்டு ராத்திரி போனது. ஸ்கிரிப்டில் நான் எதை மாற்றினாலும் பலன் கிடைத்ததுபோலத் தெரியும், அப்புறம் போய்விடும்.

கடைசியில் ஷார்ட்கட்டின் பிழைகளை ஒரு ஃபைலில் விழும்படி திருப்பிவிட்டேன். 'இன்அப்ராப்ரியேட் ஐயாக்ட்ல் ஃபார் டிவைஸ்' என்று இருந்தது, அதாவது டெர்மினலிடம் கேட்க வேண்டியதை டெர்மினல் இல்லாத இடத்தில் கேட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஜிபிஜி பூட்டைத் திறக்கும் சாவியின் ரகசிய வாக்கியத்தைக் கேட்பது பின்என்ட்ரி என்ற சின்ன நிரல். என் கணினியில் இருந்தது அதன் டெர்மினல் வடிவம். ஷார்ட்கட்டுக்குப் பின்னால் டெர்மினலே கிடையாது, அது எங்கே போய்க் கேட்கும்? நடுவில் வேலை செய்ததற்குக் காரணம், பின்னணியில் ஓடும் ஜிபிஜி ஏஜென்ட் என்ற உதவி நிரல் ஒரு தடவை கேட்டு வாங்கிய வாக்கியத்தைக் கடைசிப் பயன்பாட்டிலிருந்து 600 வினாடி நினைவில் வைத்திருக்கும்.

தீர்வு ஒரே வரி. ஏஜென்டின் கான்ஃபிக் ஃபைலில், தனி விண்டோவில் கேட்கும் க்யூடி பின்என்ட்ரியின் பாதையைக் கொடுத்து, ஏஜென்டை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு ஏஜென்டை நிறுத்திவிடுங்கள், அப்போதுதான் பழைய நினைவு குழப்பாது. அதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு இரண்டு ராத்திரி மிச்சம்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி மறுநாள். பாஸ் 45 வினாடியில் கிளிப்போர்டை அழித்துவிடும். ஆனால் நான் தனியாகப் போட்டிருந்த கிளிப்போர்டு வரலாற்று நிரல், வந்த எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தது. வேறெதையோ தேடிக் கீழே போனால், ஒரு வாடிக்கையாளர் சர்வரின் ரூட் (முழு அதிகார) பாஸ்வேர்டு பச்சையாகக் கிடக்கிறது. அந்த நிரலை அன்றே நீக்கினேன், பட்டியலில் கண்ட பாஸ்வேர்டுகளையும் மாற்றினேன்.

கிளிப்போர்டே வேண்டாமென்றால், நேரடியாகத் தட்டச்சு செய்யும் வசதியும் பாஸ்மெனுவில் உண்டு. அது எந்த விண்டோவில் கர்சர் இருக்கிறதோ அங்கேயே அடித்துவிடும். சாட் விண்டோ திறந்திருந்தால் அதில்தான் போகும், அதனால் நான் தொடவில்லை.

45 வினாடியை 15 ஆக்கினேன். அதை பாஷ் அமைப்பு ஃபைலில் எழுதினால் ஷார்ட்கட்டுக்கு எட்டாது, அது டெர்மினல் வழியாக வருவதில்லையே. ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே போட்டுவிட்டேன்.