ஆங்கிலத்துக்கு எத்தனை காலம்?

மலையகத்தில் நம்மில் பலருக்கு ஆங்கில இலக்கணம் என்றாலே ஒரு பயம். "இப்படிச் சொல்லக்கூடாது, அப்படி எழுதக்கூடாது" என்று கேட்டே வளர்ந்தோம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து விவரண இலக்கணம் படிக்கத் தொடங்கியதும் கேள்வியே மாறிவிட்டது: ஆங்கிலம் பேசுகிறவர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள்?

காலத்தையே எடுத்துப் பாருங்கள். பள்ளியில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்று. வினைச்சொல்லின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் இறந்தகாலம், நிகழ்காலம் என இரண்டுதான். 'வில்' என்பது 'கேன்', 'மே', 'மஸ்ட்' கூட்டத்தைச் சேர்ந்த துணைவினை. யாரோ கதவைத் தட்டும்போது 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்கிறோம். அது இந்த நிமிடத்தைப் பற்றிய ஊகம். அப்புறம் 'த பதுளை ட்ரெய்ன் லீவ்ஸ் டுமாரோ' என்பதில் நிகழ்கால வடிவம் நாளையைச் சொல்கிறது!

இதெல்லாம் உட்கார்ந்து யோசித்து மட்டும் எழுதியதில்லை. 1959 இல் மொழியியலாளர் ராண்டால்ஃப் குவெர்க் இங்கிலாந்தில் தொடங்கிய ஆங்கில வழக்கு ஆய்வில், பேச்சும் எழுத்துமாகச் சுமார் 10 இலட்சம் சொற்களைத் திரட்டினார்கள். கணினி கைக்கு வராத காலம், சீட்டுச் சீட்டாக எழுதி அடுக்கியிருக்கிறார்கள். நினைத்தாலே மரியாதை வருகிறது.

பரீட்சைக்கும் வேலைக்கும் எழுத்து ஆங்கிலத்தின் வழக்கு தெரிந்தே ஆகவேண்டும், சரி. ஆனால் தோட்டத்துப் பிள்ளை பேசும் ஆங்கிலத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதைக் கேட்டுச் சிரிக்காமல் குறித்துவைக்கத்தான் இந்தப் பாடம் பழக்குகிறது.

உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்கும் தம்பி, தங்கச்சிமார் இன்பாக்ஸில் கேளுங்கள். வாக்கியங்களைப் பிரித்துப் பார்க்கும் என் குறிப்புகளை அனுப்புகிறேன்.