பதினாறு நாளில் ஐந்தாம் லெவல்

மந்திரவாதி அல்லிதான் முதலில் கேட்டாள். நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்தில் அல்லியாக ஆடுவது என் கல்லூரித் தோழி; ஆட்டத்தை நடத்துவது நான். 12ஆவது செஷன் முடிந்து எல்லோரும் ஐந்தாம் லெவலுக்கு ஏறியிருந்தார்கள். ஸ்பெல் பட்டியலில் ஃபயர்பால் என்ற தீ மந்திரத்தை எழுதிக்கொண்டே, “டேய், ஆட்டத்துக்குள்ள இதுவரைக்கும் எத்தனை நாள் ஆச்சு?” என்றாள்.

நோட்டைப் புரட்டி எண்ணினேன். 16 நாள்.

“அப்போ போன பௌர்ணமிக்கு எனக்கு வெளிச்சம் காட்டுற மந்திரத்தைத் தாண்டிப் பெருசா ஒண்ணும் தெரியாது. இப்ப ஒரு வீட்டையே கொளுத்துவேன். நடுவுல எப்படா படிச்சேன்?”

என்னிடம் பதில் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கு 2014இல் வந்த தொடக்கப் பெட்டியில் இருக்கும் சாகசத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஃபாண்டலின் என்ற சின்ன ஊர், சுற்றிலும் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் தொல்லை, மலைக்குள் தொலைந்துபோன ஒரு சுரங்கம். ஒன்றாம் லெவலில் தொடங்கி ஐந்தில் முடியும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆடுவதால் எங்களுக்கு அது ஆறு மாதம். அதற்குள் குழுவில் ஒருவருக்குக் குழந்தை பிறந்து, குப்புற விழவும் பழகிவிட்டது. எங்கள் குள்ள இனத்துச் சண்டைக்காரன் குண்டோதரன் மட்டும் முதல் நாள் பட்ட சேற்றைக்கூட இன்னும் கழுவவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், ஒரு குழு ஒரு நாளில் எத்தனை எக்ஸ்பி (லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி) அளவுக்கு மோதலாம் என்று லெவல் வாரியாக ஒரு அட்டவணை உண்டு. ஒன்றாம் லெவலில் ஆளுக்கு 300, ஐந்தில் 3,500, பத்தில் 9,000. அடுத்த லெவலுக்குத் தேவையான எக்ஸ்பியை இதால் வகுத்துக்கொண்டே போனால், ஒன்றிலிருந்து உச்ச லெவலான இருபது வரை ஏற சுமார் 33 நாள் வருகிறது. எதிரிகள் கூட்டமாக வந்தால் எக்ஸ்பியைப் பெருக்கிக் காட்டும் விதியைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் நீளும். எப்படிப் பார்த்தாலும் ஆடி மாதம் ஊரைவிட்டுக் கிளம்பிய பையன் புரட்டாசிக்குள் பழங்காலத்துப் பெரிய டிராகனோடு மல்லுக்கு நிற்கிறான். என் குழு 16 நாளில் ஐந்தைத் தொட்டதை இந்தக் கணக்கில் நிதானம் என்றுதான் சொல்ல வேண்டும்!

எக்ஸ்பியைக் குறைத்துக் கொடுப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அதை நான் தொடவே இல்லை. எக்ஸ்பியைக் குறைத்தால் ஆடுபவர்களுக்குத்தான் சலிக்கும். கேரக்டர்களுக்கு ஒரு நாள்கூட அதிகமாகாது. எனக்கு வேண்டியது ஆட்டத்துக்குள் காலம் ஓடுவது.

முதலில் பயிற்சி விதியை எடுத்தேன். பழைய ஆட்டத்தில் இது கறாரானது. 1979இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் கையேட்டில், லெவல் ஏற வேண்டுமானால் குருவிடம் போய் வாரக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும்; வாரத்துக்குக் கட்டணம், இருக்கும் லெவலை 1,500ஆல் பெருக்கி வரும் பொற்காசு. அந்தக் காலத்தில் கொண்டுவரும் தங்கத்துக்கே எக்ஸ்பி உண்டு. தங்கமும் குவியும், குவிந்ததைக் கறக்க ஒரு வழியும் வேண்டும். 2014 கையேட்டில் இருப்பது அதன் சாதுவான தம்பி: ஐந்திலிருந்து பத்து வரை ஒவ்வொரு லெவலுக்கும் 20 நாள், 40 பொற்காசு. விருப்பப்பட்டால் மட்டும்.

ஆறாம் லெவலுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். “சரி, 20 நாள் போயிடுச்சு, ஆளுக்கு 40 காசு கழிச்சுக்கோங்க.” கழித்தார்கள். அவ்வளவுதான். “கோச்சிங் சென்டர் ஃபீஸ் கட்டியாச்சு, அடுத்து?” என்றார் குண்டோதரனாக ஆடும் நண்பர். நோட்டில் தேதி மாறியது. மேசையில் ஒன்றும் மாறவில்லை. அந்த 20 நாளில் யாரும் எதையும் விரும்பிச் செய்யவில்லை, ஊரிலும் எதுவும் நடக்கவில்லை.

அப்புறம், சண்டையில் இழந்த தெம்பையும் செலவழித்த ஸ்பெல்களையும் திரும்பப் பெறும் ஓய்வு விதியில் கை வைத்தேன். வழக்கமாக ஒரு மணி நேரம் ஷார்ட் ரெஸ்ட், அதில் கொஞ்சம் திரும்பும்; எட்டு மணி நேரம் லாங் ரெஸ்ட், அதில் பெரும்பாலும் எல்லாம். கையேட்டிலேயே இதற்கு ஒரு கடுமையான மாற்று உண்டு: எட்டு மணி நேரத் தூக்கம் ஷார்ட் ரெஸ்ட், முழு ஏழு நாள் படுத்தால்தான் லாங் ரெஸ்ட். இணையத்தில் பலரும் இதைப் புகழ்கிறார்கள். நான்கு செஷன் ஆடினோம். காலம் நன்றாகவே ஓடியது, கிட்டத்தட்ட 40 நாள். ஆனால் அல்லி கொதித்துப்போனாள். உடலுக்குக் கவசமாக நிற்கும் மேஜ் ஆர்மர் ஸ்பெல் எட்டு மணி நேரம் தாங்கும். அதாவது பழைய விதியில் ஒரு பகல் முழுக்கச் சண்டைக்குப் போதும். இப்போது ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான், மறுநாளுக்கு எண்ணி வைத்த ஸ்பெல் வாய்ப்புகளில் இன்னொன்றைச் செலவழிக்க வேண்டும். ஸ்பெல்களின் ஆயுளை அந்த விதி தொடவில்லை, நானும் கவனிக்கவில்லை. குகைக்குள் போனபோது இன்னும் மோசம். மூன்று அறைகளோடு எல்லோரும் காலி. ஏழு நாள் படுத்து எழுந்து திரும்பினால், ஓர்க் என்ற அரக்க ஜந்துக்கள் மீட்க வேண்டிய கைதியையும் தூக்கிக்கொண்டு என்றோ கிளம்பிவிட்டன. நியாயப்படி அப்படித்தான் நடக்கும். ஆனால் மூன்று மணி நேரம் ஆட வந்தவர்களுக்குக் காலிக் குகையைக் காட்டுவது நியாயமா? 18ஆவது செஷனோடு விட்டுவிட்டேன்.

இந்தத் தோல்வியில்தான் ஒன்று பிடிபட்டது. வில்லன் ஓடிக்கொண்டிருக்கும்போது நாயகர்கள் உட்கார மாட்டார்கள். “அடுத்த வாரம் கிராமத்தை எரிக்கப் போகிறார்கள்” என்று நானே பயமுறுத்திவிட்டு, “மூணு மாசம் ஓய்வெடுங்களேன்” என்றால் யார் கேட்பார்கள்? காலம் ஓட வேண்டுமானால் இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் நிறுத்த என்னால் முடியாது, பனியால் முடியும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்டிராகன், ஆர்தர் அரசர் காலத்து வீரர்களாக ஆடும் ஆட்டம், 1985இல் வந்தது. அதில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலக் கட்டம். அந்த ஆண்டு பயன்படுத்திய திறமைகளுக்குக் குறி போட்டு வைத்து, குளிரில் பகடை உருட்டி ஏற்றிக்கொள்வார்கள். குதிரை பிழைத்ததா, வீட்டில் பிள்ளை பிறந்ததா என்று பார்ப்பார்கள். 35 வயதுக்கு மேல் மூப்புக்கும் உருட்ட வேண்டும். 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிக்காவில் மந்திரவாதிகள் ஒரு பருவம் முழுக்க ஒரே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ‘படிச்சது எப்போ’ என்ற அல்லியின் கேள்விக்கு அங்கே பதில் இருந்தது.

எங்கள் ஆட்டம் நடக்கும் ஃபேரூன் என்ற கற்பனைக் கண்டத்தின் நாட்காட்டி இதற்கு வசதி. 12 மாதம், மாதத்துக்குச் சரியாக 30 நாள், வாரத்துக்குப் பத்து நாள், மாதங்களுக்கு இடையில் ஐந்து திருவிழா நாட்கள். நாங்கள் எலீசிஸ் மாதத்தில், அதாவது நம் ஆகஸ்டில் தொடங்கியிருந்தோம். இப்போது உக்தார் பிறந்திருந்தது, நம் நவம்பர். மலைப்பாதைகளை மூடினேன். ஓர்க்குகளும் குகைகளுக்குள் முடங்கின. “100 நாள் இருக்கு. ஆளுக்கு ஒரு பெரிய வேலை சொல்லுங்க” என்றேன்.

குண்டோதரனுக்குப் பிளேட் கவசம் வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கடையில் 1,500 பொற்காசு. விதிப்படி தானே செய்தால் மூலப்பொருளுக்குப் பாதி விலை, 750. வேலை நாளைக்கு 5 காசு மதிப்புக்குத்தான் நகரும். தனி ஆளாக 300 நாள். இதை யாராவது செய்து நான் பார்த்ததே இல்லை. “எனக்கு 350 வருஷம் ஆயுசு, அவசரமே இல்ல” என்றார் நண்பர். ஆனால் சேர்ந்து செய்தால் ஆளுக்கு 5 கூட்டிக்கொள்ளலாம். ஃபாண்டலினில் ஒரு வயதான கொல்லரையும் அவரிடம் தொழில் பழகும் பையனையும் நானே உருவாக்கி வைத்தேன். மூன்று பேர், 100 நாள். கணக்கு கச்சிதம்.

அல்லி நெவர்விண்டர் நகரத்துக்குப் போனாள். அங்கே ஆறு உறையாது. டிராகன் மொழி கற்றுக்கொண்டாள். முதலில் வந்த விதியில் ஒரு மொழிக்கு 250 நாள். 2017இல் வந்த துணை நூலில் பத்து வேலை வாரமாகக் குறைத்து, அறிவுக்கும் கழிவு கொடுத்திருக்கிறார்கள். புதிய கணக்கையே எடுத்துக்கொண்டேன். மதகுரு வெண்பா பாழடைந்த கோயிலைச் செப்பனிட்டாள். எல்லோருக்கும் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு ஒரு காசு, சௌகரியமாக இருக்க நினைத்தால் இரண்டு. 20 நாள் பயிற்சிக்கு 40 காசு கேட்டபோது சலித்துக்கொண்டவர்கள், இதற்கு 200 காசை வாய் திறக்காமல் கொடுத்தார்கள்.

சொதப்பியது திருடி சுண்டெலி விஷயத்தில். நெவர்விண்டரில் ஒரு வியாபாரி வீட்டில் கன்னம் வைக்கக் கிளம்பினாள். தனி ஆட்டமாக 40 நிமிடம் ஓடியது, அருமையாகவும் இருந்தது. ஆனால் மற்ற மூவரும் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு குளிர்கால வேலைகளைச் செஷன்களுக்கு இடையில் வாட்ஸப்பில் ஒவ்வொருவருடனும் தனித்தனியாக முடித்துவிடுகிறேன். மேசைக்கு வருவது ஆளுக்கு ஐந்து நிமிடக் கதை மட்டும். இதனால் ஒரு உபரி லாபம்: பஸ்ஸில் போகும்போதுகூட “கொல்லர் இன்னைக்கு என்ன சொன்னார்?” என்று கேட்டுச் செய்தி வருகிறது.

பனி உருகிய 19ஆவது செஷனில் ஏழாம் லெவல். குண்டோதரன் கவசத்தோடு வெளியே வந்தபோது மேசையே கைதட்டியது. கடையில் 1,500 கொடுத்து வாங்கியிருந்தால் தட்டியிருக்க மாட்டார்கள்.

லெவல் ஏறுவது குளிருக்கு ஒன்று என்றுதான் முதலில் வைத்திருந்தேன். அது ரொம்ப மெதுவாகத் தெரிந்தது. கையேடே இரண்டு மூன்று செஷனுக்கு ஒரு லெவல் என்கிறது. கோடை நடுவில் வரும் திருவிழாவை ஒட்டிப் பத்து நாள் இடைவெளி விட்டு, அங்கே இன்னொன்று சேர்த்தேன். இப்போது நான்கு செஷனுக்கு ஒன்று. யாரும் புகார் சொல்லவில்லை. ஓய்வு விதி பழையபடிதான், மேஜ் ஆர்மரும் பிழைத்தது.

26 செஷன் முடிந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு வருடம், அவர்களுக்கு ஒன்றரை. நண்பரின் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. இரண்டாவது குளிர்காலத்தை வாட்ஸப்பில் இந்த வாரம் முடித்தேன். அடுத்த ஞாயிறு ஒன்பதாம் லெவல்.

என் குழுவில் யாராவது இதைப் படித்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். இந்த முறை ஊர்க்காரர்களுக்கும் பென்டிராகன் பாணியில் மூப்புக்கு உருட்டினேன். கொல்லருக்கு 61 வயது. பகடை மோசமாக விழுந்தது. இன்னொரு முறை உருட்டலாமா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், உருட்டவில்லை. குண்டோதரன் இந்தக் குளிரில் நெவர்விண்டரில் இருந்தான். வசந்தத்தில் திரும்பி வந்து இருவருமாக ஒரு கேடயம் அடிப்பதாகப் பேச்சு. ஊருக்குள் நுழைந்ததும் அவன் நேராகப் பட்டறைக்குத்தான் போவான். அங்கே பையன் மட்டும் நிற்பான். அவன் என்ன சொல்வான் என்பதை இன்னும் எழுதவில்லை.